ஒரு வருட அனுபவம் கேட்கும் ஏஜென்சிக்காரர்களுக்கு

கோவையில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி நடத்தும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும், அங்கே ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் ஒரு பிள்ளை கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போய்விட்டாள். அந்த இடத்துக்கு ஆள் எடுக்க ஒரு விளம்பரம் எழுதித் தரும்படி எம்.டி. என்னிடம் சொன்னார். லேப்டாப்பைத் திறந்தேன். 'டிஜிட்டல் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ் தேவை' என்று ஒரு வரி. அடுத்த வரியை நான் யோசிக்கவே இல்லை, விரல் தானாக அடித்துவிட்டது: 'ஃப்ரெஷர்களும் விண்ணப்பிக்கலாம். குறைந்தது 1 வருட அனுபவம் அவசியம்.'

படித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஃப்ரெஷர் ஒரு வருட அனுபவத்தை எங்கே போய் வாங்கி வருவான்? உக்கடம் மார்க்கெட்டிலா? 2019-ல் இதே வரியைப் படித்துப் படித்துக் கண் பூத்துப்போனவள் நான். இப்போது அதே வரியை எழுதுகிற ஆளாகவும் ஆகிவிட்டேன். அன்றைக்கு அந்த விளம்பரத்தை அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக உங்களுக்கு இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

'அனுபவம் கேட்பதில் என்ன தப்பு? கிளையன்ட் காசில் யாராவது வண்டி ஓட்டிப் பழகுவார்களா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், அதற்கும் வருகிறேன். அதற்கு முன்னால் என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

2018-ல் பி.காம். முடித்தேன். ஊர் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமம். டேலி படித்தேன், ஒரு ஆடிட்டர் ஆபீசில் நாலு மாதம் வவுச்சர் அடுக்கினேன், பிடிக்கவில்லை. காந்திபுரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் சேர்ந்தேன். மூன்று மாதம், 35,000 ரூபாய். அம்மா எடுத்த சீட்டுப் பணம் அப்படியே போனது. வாசல் போர்டில் '100 சதவீத வேலைவாய்ப்பு' என்று இருந்தது. மூன்று மாதத்தில் நான் பார்த்தது எல்லாம் ஸ்லைடுகள். எஸ்இஓ (கூகுள் தேடலில் மேலே வரவைப்பது) என்றால் என்ன, அதில் எத்தனை வகை, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். ஒரு ரூபாய்க்குக்கூட நிஜமான விளம்பரம் ஓட்டிப் பார்க்கவில்லை. வேலைவாய்ப்பு என்று அவர்கள் சொன்னது ஒரு வாட்ஸ்அப் குரூப். வேலை விளம்பரங்களை அதில் ஃபார்வர்டு செய்வார்கள், அவ்வளவுதான். எல்லாவற்றிலும் அதே ஒரு வருடம்.

(பயிற்சி நிலையக்காரர்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். இதில் வேண்டாம், கோபம் அதிகமாகிவிடும்.)

கூகுளின் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பில் இலவசத் தேர்வுகள் எழுதினேன். 80 சதவீதம் எடுத்தால் சான்றிதழ், ஒரு வருடம் செல்லும். நாலு சான்றிதழ் வாங்கி லேமினேஷன் போட்டுக் கோப்பில் வைத்திருந்தேன். அதன் மதிப்பு உங்களுக்கே தெரியும். வீட்டில் உட்கார்ந்து எழுதுகிற தேர்வு, பிரவுசரில் இன்னொரு டேப் திறந்து விடை தேடலாம். அதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாததைக் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு இடத்தில் இன்டர்வியூவுக்குப் பிறகு வீட்டு வேலை கொடுத்தார்கள். ஒரு துணிக்கடைக்கு ஒரு மாதத்துக்கான இன்ஸ்டாகிராம் பதிவுகள், 30 கேப்ஷன், ஆடித் தள்ளுபடிக்கு ஐந்து விளம்பர வாசகங்கள். மூன்று ராத்திரி கண் விழித்து எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. ஆடி பிறந்ததும் ஒரு நாள் ஃபேஸ்புக்கில் என் வாசகமே என் கண்ணில் பட்டது. அவசரத்தில் 'தள்ளுபிடி' என்று அடித்திருந்தேன். அந்தப் பிழையைக்கூட அவர்கள் திருத்தவில்லை. தோழியிடம் காட்டிச் சிரித்தேன். அப்புறம் பஸ்ஸில் அழுதேன்.

சரி, மாமா கடைக்கு வருகிறேன்.

என் தாய்மாமா கோவை கணபதியில் வெட் கிரைண்டர் விற்பனையும் சர்வீஸும் செய்கிறார். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, ஆனால் கூகுள் மேப்பில் மாமா கடைக்கு ஒரு புள்ளிகூட இல்லை. சும்மா இருந்த நேரத்தில் கடையைச் சேர்த்துவிட்டேன். அப்போது அதன் பெயர் கூகுள் மை பிசினஸ். அன்றைக்கெல்லாம் கடை முகவரிக்கு 5 இலக்க எண்ணோடு ஒரு அஞ்சலட்டை வரும், அதைப் பதிந்தால்தான் கடை நம்முடையது என்று கூகுள் ஒப்புக்கொள்ளும். முதல் அட்டையைப் பக்கத்து டீக்கடைக்காரர் வாங்கி வைத்திருந்தார். அதன்மேல் டீ கிளாஸ் வைத்ததில் எண் கரைந்துபோயிற்று. இரண்டாவது அட்டைக்கு இன்னும் இரண்டு வாரம்.

படம் போட வேண்டும் என்றேன். கடை வாசலில் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மாமா போஸ் கொடுத்தார். அதையும் எடுத்தேன். ஆனால் முதல் படமாகப் போட்டது வேறு. தேய்ந்து வழவழவென்று ஆன குழவி ஒன்று, புதிதாகக் கொத்திய குழவி ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படம். மாவு நைசாக அரையவில்லை என்று புலம்புகிற எந்த அம்மாவுக்கும் அந்தப் படம் புரியும். விளக்கம் எழுதவே தேவைப்படவில்லை.

அப்புறம் கூகுளில் விளம்பரம். மாமா 3,000 ரூபாய் கொடுத்தார். கட்டியதும் கணக்கில் ஏறியது 2,542 ரூபாய். மீதி 458 எங்கே என்று மாமா என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். 18 சதவீத ஜிஎஸ்டி என்பதை நானே அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். 35,000 ரூபாய் ஸ்லைடுகளில் இந்த ஒரு வரி இல்லை.

ஒரு நாளைக்கு 200 ரூபாய் வைத்து ஓட்டினேன். பன்னிரண்டு நாளில் பணம் தீர்ந்தது. 170 கிளிக். கடைக்கு வந்த வேலை மூன்று. அந்த மூன்றில் ஒன்று எங்கள் சித்தி.

எங்கே போனது பணம் என்று தேடித் தேடி, கடைசியில் 'சர்ச் டெர்ம்ஸ்' என்ற பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். விளம்பரத்துக்காக நாம் கொடுத்த தேடல் சொல் (கீவேர்டு) அல்ல, மக்கள் உண்மையிலேயே என்ன தட்டச்சு செய்து நம் விளம்பரத்தை அழுத்தினார்கள் என்று காட்டும் பட்டியல் அது. 'கிரைண்டர்' என்ற ஒற்றைச் சொல்லை அகலமாகத் திறந்து விட்டிருந்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டர் தேடியவர்கள். காபிக் கொட்டை அரைக்கிற கருவி தேடியவர்கள் கொஞ்சம். மிக்ஸி விலை கேட்டவர்கள் கொஞ்சம். லேத் பட்டறையில் கிரைண்டர் ஆபரேட்டர் வேலை தேடிய பாவப்பட்ட பையன்கள் சிலர், என்னைப்போலவே வேலை தேடுகிறவர்கள், அவர்களுடைய ஒவ்வொரு கிளிக்குக்கும் மாமா 15 ரூபாய் கொடுத்திருக்கிறார். தாம்பரத்திலிருந்து ஒருவர் போன் செய்து, இன்றைக்கே ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்டாராம். ஊர் கோயம்புத்தூர் என்று கொடுத்திருந்தேன். ஆனால் அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊர்மேல் ஆர்வம் காட்டுபவர்களுக்கும் சேர்த்துக் காட்டு என்பதுதான் அங்கே இயல்பாக இருக்கும் செட்டிங். அதை மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஒரு 40 பக்க நோட்டு வாங்கி நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் 'நம்ம ஆள்'. வலது பக்கம் 'நம்ம ஆள் இல்லை'. 170 கிளிக்கின் சொற்களையும் கையால் எழுதிப் பிரித்தேன். வலது பக்கம் நிரம்பி வழிந்தது.

அதோடு நிற்கவில்லை. நிஜமான ஆட்கள் அழைத்தும் ஏன் வேலை வரவில்லை என்று மாமாவின் போனை வாங்கிப் பார்த்தேன். வரிசையாகத் தவறிய அழைப்புகள்.

"ஏன் மாமா எடுக்கலீங்க?"

"தெரியாத நம்பரெல்லாம் எடுத்தா லோன் வேணுமான்னு கேக்கறாங்க கண்ணு."

எந்த நாளில் அழைப்பு வருகிறது என்று அந்தப் பட்டியலையும் நோட்டில் எழுதினேன். சனிக்கிழமை சாயங்காலமும் ஞாயிறு காலையும்தான் கூட்டம். யோசித்தால் புரிகிறது. வாரத்துக்கான மாவை அப்போதுதான் ஆட்டுகிறார்கள், பெல்ட் அறுவதும் அப்போதுதான். மாமா கடைக்கு ஞாயிறு விடுமுறை. இனிமேல் ஞாயிறு மதியம் வரை திறக்கச் சொன்னேன். மாமா மறுத்தார். கறிக்கடைக்குப் போவது யார் என்றார். அத்தை ஒரே வார்த்தையில் அதை முடித்துவைத்தார்.

இரண்டாவது தடவை மாமா மனசில்லாமல்தான் 3,000 கொடுத்தார். இந்த முறை வலது பக்கத்துச் சொற்களை எல்லாம் நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது இதைத் தேடினால் விளம்பரத்தைக் காட்டாதே என்று, போட்டேன். கோவையில் இருப்பவர்களுக்கு மட்டும். வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியம் வரை மட்டும். தலைப்பைத் தமிழில் எழுதினேன். கூகுள் தமிழ் விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியது 2018 பிப்ரவரியில், அப்போது அது புதுசு. தலைப்புக்கு 30 எழுத்துதான் இடம். தமிழில் ஒரு சிக்கல் உண்டு. நாம் ஒரு எழுத்தாகப் பார்க்கும் 'கோ', 'ம்' போன்றவை கணினிக்கு இரண்டு குறியீடு. 'கோயம்புத்தூர்' நமக்கு 7 எழுத்து, கணினிக்கு 13. 'கோவை' என்றால் 4 தான். விரல்விட்டு எண்ணி எண்ணிக் கடைசியில் எழுதிய தலைப்பு: 'கிரைண்டர் பெல்ட் அறுந்ததா?' அது 26. இடம் போதும். அந்த இரண்டு வாரத்தில் 19 வேலை வந்தது. பெல்ட் மாற்றியது மட்டும் 11.

இவ்வளவு நீட்டிச் சொல்வது ஏன் என்றால், எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அந்த நோட்டு. பேக்கரிக்கு மேல் மாடியில், இரண்டே அறையில் ஒரு சின்ன ஏஜென்சி. அதை நடத்தியவர் என் கோப்பைப் புரட்டிவிட்டு, "சர்டிபிகேட்டை மூடி வைம்மா. நீயா ஏதாவது செஞ்சிருக்கியா?" என்றார். கூச்சத்தோடு நோட்டை எடுத்து நீட்டினேன். பத்து நிமிடம் பேசாமல் படித்தார். அப்புறம் ஒரு வரியில் விரலை வைத்தார். 'கிரைண்டர் பெல்ட் விலை' என்பதை ஏன் 'நம்ம ஆள்' பக்கம் எழுதினாய்? விலை மட்டும் கேட்கிறவன் வாங்கிக்கொண்டு போய்விடுவானே? நான் சொன்னேன்: "பெல்ட் வித்தாலும் மாமாவுக்கு லாபம்தாங்க சார். வாங்கிட்டுப் போறவங்கள்ல பாதிப் பேருக்கு மாட்டத் தெரியாது. திரும்ப வருவாங்க." அவர் சிரித்துவிட்டார். 10,000 ரூபாய் சம்பளத்துக்குத் திங்கட்கிழமை வரச் சொன்னார்.

எத்தனை வருட அனுபவம் என்று அவர் கேட்கவே இல்லை. வேலையைக் காட்டு என்றார். இந்த மடலில் உங்களிடம் நான் கேட்பதும் அதுதான்.

நம் தொழிலில் வருடக் கணக்கை வைத்து ஆளை அளப்பது எவ்வளவு தூரம் சரி என்று யோசித்துப் பாருங்கள். கூகுளில் விளம்பரம் ஓட்டும் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரே 2018 ஜூலையில் கூகுள் ஆட்ஸ் ஆனது. நாம் மூன்று தலைப்பு வைத்துப் பழகிய பழைய விளம்பர வடிவத்தை 2022 ஜூன் 30-க்கு மேல் புதிதாக உருவாக்க முடியாமல் போனது. அந்த இடத்தில் 15 தலைப்பு, 4 விளக்கம் கொடுத்தால் கூகுளே சேர்த்துக்கொள்ளும் வடிவம் நிலைத்தது. 2023 ஜூலை 1-ல், வெப்சைட்டுக்கு யார் வருகிறார்கள் என்று காட்டும் பழைய கூகுள் அனலிட்டிக்ஸ் புதுத் தரவு வாங்குவதை நிறுத்தியது. அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் நடந்தது நினைவிருக்கிறது. பத்து வருடச் சீனியரும் நானும் முந்தின மாதம் சேர்ந்த பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அதன் புதிய வடிவமான ஜிஏ4-ல் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தோம். வந்ததும் திரும்பிப் போகிறவர்களைக் கணக்கிடும் பவுன்ஸ் ரேட்டுக்கு அர்த்தமே மாறியிருந்தது. அந்தப் பையன்தான் முதலில் கண்டுபிடித்தான், ஏனென்றால் அவனுக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை. 2024 ஆகஸ்டில் கூகுளின் ஏஐ சுருக்கம் இந்தியாவுக்கும் வந்து, தேடல் முடிவுக்கு மேலேயே பதில் உட்காரத் தொடங்கியது. முதல் இடத்துக்கு வந்தால் போதும் என்று நாம் கிளையன்டிடம் சொல்லிக்கொண்டிருந்த வாக்குறுதியின் கதி என்ன என்று நமக்கே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.

வருடங்களுக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. கிளையன்ட் ராத்திரி பத்து மணிக்குக் கத்தும்போது என்ன பேசுவது, எப்போது விளம்பரச் செலவை நிறுத்தச் சொல்வது, எந்தக் கிளையன்டை வேண்டாம் என்பது, இதெல்லாம் நாள்பட்டுத்தான் வருகிறது. ஆனால் 18,000 ரூபாய் சம்பளத்தில் நீங்கள் எடுக்கும் எக்ஸிக்யூட்டிவ் இதைச் செய்யப் போவதில்லை. அந்த ஆளிடம் உங்களுக்கு வேண்டியது, பட்டியலைப் பார்த்து 'இது நம்ம ஆள் இல்லை' என்று பிரிக்கிற மூளை. அது ஒரு வருடம் இருந்தால் வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. மூன்று வருட அனுபவம் போட்டு வந்த ஒருவரிடம் சர்ச் டெர்ம்ஸ் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். அப்படி ஒரு பக்கம் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. மூன்று வருடமும் 'கூகுள் சொன்ன பரிந்துரை' எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டே இருந்திருக்கிறார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிளையன்ட் காசு. பயம் உண்மையானது. நானே முதல் மாதத்தில் 500 ரூபாய் தினசரி பட்ஜெட்டுக்கு ஒரு சைபர் கூடப் போட்டேன். அந்தக் கணக்கு கவிழாததற்குக் காரணம், அந்த மாடி ஏஜென்சிக்காரர் வைத்திருந்த ஒரு பழக்கம். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கணக்கைப் பார்க்க மட்டும் அனுமதி. கூகுள் ஆட்ஸில் அப்படி ஒரு அளவு இருக்கிறது, பார்க்கலாம், தொட முடியாது. மாற்றம் எல்லாவற்றையும் ஆட்ஸ் எடிட்டர் என்ற இலவச மென்பொருளில் செய்ய வேண்டும். அது இணையத்துக்கு வெளியே நம் கணினியில் வேலை செய்யும், போஸ்ட் செய்து ஏற்றுகிற வரை கணக்கில் எதுவும் மாறாது. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சீனியர் வந்து ஒவ்வொரு மாற்றத்தையும் பார்த்து, கேள்வி கேட்டு, அவர் கையால் போஸ்ட் செய்வார். என் சைபர் அங்கேதான் மாட்டியது. திட்டு விழுந்தது. கிளையன்டுக்குத் தெரியாது. ஒரு பைசா போகவில்லை. அந்த ஐந்து மணிக் கேள்விகளில் நான் கற்றதை மூன்று மாதக் கோர்ஸ் தரவில்லை. உங்களுக்கு ஆகிற செலவு, ஒரு சீனியரின் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தத்தான் நாம் எல்லோரும் 'அனுபவம் தேவை' என்று எழுதுகிறோம். பயிற்சிச் செலவைப் பக்கத்து ஏஜென்சி கட்டட்டும் என்று எல்லோரும் நினைத்தால் கட்டுவது யார்?

'கற்றுக்கொடுத்தால் ஆறு மாதத்தில் ஓடிவிடுகிறார்கள்' என்பீர்கள். ஓடுகிறார்கள்தான். நானும் அந்த மாடியிலிருந்து இரண்டரை வருடத்தில் வந்துவிட்டேன். ஆனால் வந்தபின் நான் அனுப்பிவைத்த கிளையன்ட் மூன்று பேர் இன்றைக்கும் அவரிடம் இருக்கிறார்கள்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் அந்த இலவச அசைன்மென்டைத் தயவுசெய்து நிறுத்துங்கள். உங்கள் நிஜக் கிளையன்டுக்கான வேலையை வேலை தேடுபவர்களிடம் வாங்குவது திருட்டு, அதற்கு வேறு நாகரிகமான பெயர் எனக்குத் தெரியவில்லை. சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. கூகுள் தன் சொந்தப் பொருள் விற்கும் கடையின் அனலிட்டிக்ஸ் கணக்கை டெமோவாக யாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அதைத் திறந்துகொடுத்து, 'இந்தக் கடைக்கு எங்கிருந்து ஆள் வருகிறார்கள், எந்த இடத்தில் வாங்காமல் திரும்பிப் போகிறார்கள், நீயாக இருந்தால் முதலில் எதைத் தொடுவாய்' என்று கேளுங்கள். உங்கள் முன்னாலேயே, முக்கால் மணி நேரத்தில். இல்லை, எழுதத்தான் வேண்டும் என்றால் எழுதச் சொல்லிவிட்டு 1,000 ரூபாய் ஜிபே செய்யுங்கள். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும்.

சம்பளமில்லாத ஆறு மாத இன்டர்ன்ஷிப்பும் அப்படித்தான். ஊரில் வீடு இருக்கிறவன், அப்பா பஸ் பாஸ் எடுத்துத் தருகிறவன்தான் அதில் சேர முடியும். உடுமலையிலிருந்து வந்து சரவணம்பட்டியில் ஹாஸ்டல் வாடகை கட்டுகிற பெண்ணால் முடியாது. ஆக, தகுதியை வைத்து வடிகட்டுவதாக நினைத்துக்கொண்டு நீங்கள் உண்மையில் வடிகட்டுவது வசதியை வைத்து. மத்திய அரசின் தேசியத் தொழிற்பழகுநர் (அப்ரென்டிஸ்) பயிற்சித் திட்டம், நேட்ஸ், இருக்கிறது. பி.காம்., பி.ஏ. படித்தவர்களையும் அதில் எடுக்கலாம். பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்று 2019-ல் நிர்ணயித்தார்கள், அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை அரசு ஏற்கும். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தொழிற்பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். நாலு பேர் இருந்தாலே விரும்பினால் எடுக்கலாம். பதிவு செய்கிற வேலை கொஞ்சம் இழுக்கும். நம் அக்கவுன்டன்ட் முகம் சுளிப்பார். பரவாயில்லை.

இன்னொன்று, 'கம்யூனிகேஷன்'. இன்டர்வியூ தாளில் ஒரு கட்டம் இருக்கிறது அல்லவா, பத்துக்கு இத்தனை என்று. அதில் நாம் உண்மையில் போடுவது ஆங்கிலத்துக்கான மதிப்பெண். தமிழ் வழியில் படித்துவந்த பிள்ளை அங்கே 4 வாங்கி வெளியே போகிறாள். அவள் போனபின் அதே மேசையில் உட்கார்ந்து, திருப்பூர்க் கிளையன்டுக்காக ஆங்கிலத்தில் எழுதிய விளம்பரத்தை மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டுத் தமிழாக்குகிறோம். 'அரவை இயந்திரப் பழுதுபார்ப்பு' என்று வருகிறது. அப்படி யார் தேடுகிறார்கள்? கிரைண்டர் ரிப்பேர் என்று தேடுவார்கள், அதையும் பாதிப் பேர் ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். 'கல் கொத்தணும்' என்று குரலில் கேட்பார்கள். 2017-ல் ஆலோசனை நிறுவனமான கேபிஎம்ஜியும் கூகுளும் வெளியிட்ட அறிக்கையில், இந்திய மொழி பேசுபவர்களில் இணையத்தை ஏற்றுக்கொண்டவர்களின் விகிதம் தமிழர்களிடம்தான் அதிகம், 42 சதவீதம், என்று இருந்தது. அந்த ஆட்களிடம் பேசத் தெரிந்த பிள்ளையைத்தான் நாம் 4 போட்டு அனுப்புகிறோம். கிளையன்ட் மீட்டிங்கில் ஆங்கிலம் வேண்டும்தான். அதற்கு அவளைத் தனியாக அனுப்பவா போகிறீர்கள்? கூட உட்கார வையுங்கள், ஒரு வருடத்தில் பேசுவாள். நான் பேசுகிறேன்.

நீ கெட்டிக்காரி, மாமா கடையை வைத்துப் பிழைத்துக்கொண்டாய், எல்லோரும் அப்படிச் செய்யலாமே என்று சிலர் என்னிடமே சொல்வதுண்டு. வேலை தேடி என்னிடம் வருகிறவர்களிடம் நானும் அதைத்தான் சொல்கிறேன்: தெருவில் இருக்கும் தையல் கடையை மேப்பில் ஏற்று, காசு கேட்காது; தெரிந்தவர் வெப்சைட்டுக்குச் சர்ச் கன்சோலை (கூகுள் தேடலில் அந்த வெப்சைட் எப்படி வருகிறது என்று காட்டும் கருவி) இணைத்துப் பார், அதுவும் இலவசம்; செய்ததை நோட்டில் எழுது, தோற்றதைக் கட்டாயம் எழுது. ஆனால் எல்லோருக்கும் 3,000 ரூபாய் தொலைக்கத் தயாராக ஒரு மாமா இருப்பதில்லை. எனக்கு இருந்தது அதிர்ஷ்டம். அதைத் திறமைக் கணக்கில் எழுதிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்த மாமா இடத்தில் நீங்கள் இருக்க முடியும். உங்கள் ஒவ்வொரு ஏஜென்சியிலும் ஒரு கணக்கு தூங்கிக்கொண்டிருக்கும். மாதம் சில ஆயிரம் கட்டும் பழைய கிளையன்ட், எம்.டி.யின் சொந்தக்காரர், யாரும் திறந்து பார்க்காத கணக்கு. எங்கள் அலுவலகத்தில் அது ஒரு பல் மருத்துவமனை. எட்டு மாதமாக அதன் சர்ச் டெர்ம்ஸ் பக்கத்தை யாரும் திறக்கவில்லை என்பதை இந்த மடலை எழுதும்போதுதான் போய்ப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. 'பல் விழுந்தால் கனவுப் பலன்' என்று தேடியவர்களுக்கெல்லாம் டாக்டர் காசு கட்டியிருக்கிறார். அப்படி ஒரு கணக்கைப் புதுப் பிள்ளையிடம் கொடுங்கள். பார்க்க மட்டும் அனுமதி, ஆட்ஸ் எடிட்டர், ஐந்து மணிக் கேள்வி. டாக்டருக்கும் நல்லது.

கடைசியில் எங்கள் விளம்பரத்தை நான் எழுதிக் கொடுத்தது இப்படி:

'டிஜிட்டல் மார்க்கெட்டிங்கில் ஒருவர் தேவை. அனுபவம் கேட்கவில்லை. சான்றிதழ் அனுப்ப வேண்டாம். யாருக்காவது, எதற்காவது, இணையத்தில் ஆள் சேர்க்க முயன்றிருக்கிறீர்களா? என்ன செய்தீர்கள், என்ன தப்பாகப் போனது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். தமிழில் எழுதலாம். முயன்றதே இல்லை என்றால், உங்கள் தெருவில் ஒரு கடையைச் சொல்லி, அதைத் தேடி வருகிறவர் கூகுளில் என்ன அடிப்பார் என்று பத்து வரி எழுதுங்கள். நேரில் வருகிறவர்களுக்குப் பஸ் கட்டணம் உண்டு. முதல் மூன்று மாதம் 12,000, அப்புறம் 18,000.'

எம்.டி. படித்துவிட்டு பஸ் கட்டணத்தை மட்டும் அடிக்கப் பேனாவைத் திறந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூடிவிட்டார்.

நேற்று வரை 41 பேர் எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு பையன், ஆனைமலைப் பக்கம், அவனுடைய பெரியப்பாவின் நாட்டுக்கோழிப் பண்ணைக்கு விளம்பரம் ஓட்டியிருக்கிறான். 1,500 ரூபாய் போயிற்றாம், ஒரு கோழி விற்கவில்லையாம். வந்தவர்கள் எல்லோரும் நாட்டுக்கோழிக் குழம்பு வைப்பது எப்படி என்று தேடியவர்கள். அதைக் கண்டுபிடித்த ராத்திரி தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறான். கூடவே ஒரு நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். நடுவில் கோடு போட்டிருக்கிறது.

சனிக்கிழமை 11 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் முந்திக்கொள்வதாக இருந்தால் அதற்குள் முந்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொழிலில் இருக்கும் ஒருத்தி
கோவை